கூட்டம் வர்றதுக்குள்ள

உக்காருங்க சார், உக்காருங்க. காபிக்குத்தானே எந்திரிக்கிறீங்க? வேணாம். நான் எட்டிப் பாத்துட்டேன். இருபத்தேழு பேர் நிக்கிறாய்ங்க, ஊத்துறது ஒரே ஆளு. ஒரு கிளாசுக்கு முக்கால் நிமிஷம்னு வச்சாலும், காபி உங்க கைக்கு வர்றப்ப உள்ள மணி அடிச்சிருவான். ஊதி ஊதிக் குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டு ஓடி வரணும். தேவையா? பேசாம உக்காருங்க.

நமக்கு அருப்புக்கோட்டை. பேரு சௌந்தரபாண்டியன். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தேன், முப்பத்தோரு வருஷம். டிரைவரு நிம்மதியா ஒரு டீ குடிக்க வாயைத் திறக்கறப்ப, கூண்டுக்குள்ள இருந்து விசிலடிச்சு "எடு, எடு"ன்னு விரட்டுவானே ஒருத்தன், அது நான்தான். என் காலத்துல ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் தாமதமாக் கிளம்பியிருந்தா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. பாதி டிரைவருங்க என்னைக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்குவாய்ங்க. அம்புட்டு மரியாதை.

நாடகம் எப்படின்னா கேக்குறீங்க? நல்லாத்தான் இருக்கு. நான் இதை மெட்ராஸ்ல ஏற்கெனவே பாத்திருக்கேன். பாத்திருக்கேன்னா, முக்கால்வாசி பாத்திருக்கேன். மிச்சக் கால்வாசிதான் இப்ப என் குடும்பத்துல பிரச்சினை.

சொல்றேன். இடைவேளை இருபது நிமிஷம்னு போட்டிருக்கான், மூணு நிமிஷம்தான் போயிருக்கு.

எங்க வீட்டுல உள்ளவ பேரு மங்கையர்க்கரசி. அரசிதான், சந்தேகமே இல்ல. அரண்மனைதான் ரெண்டு ரூம் காரை வீடு. கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருஷம். இத்தனை வருஷத்துல அவளைக் கூட்டத்துல ஒரு இடி வாங்க விட்டதில்ல சார் நான். எப்படிங்கிறீங்க? எங்க போனாலும் கடைசிப் பத்து நிமிஷம் நாங்க இருக்க மாட்டோம். அம்புட்டுத்தான் சூட்சுமம்.

கல்யாணமாகி முதல் படம். கதாநாயகன் வில்லன் நெத்தியில துப்பாக்கியை வச்சுட்டான். தியேட்டரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நான் எந்திரிச்சேன். "வா, கூட்டம் வர்றதுக்குள்ள போயிரலாம்"னேன். "சுடுவானாங்க?"ன்னா. புதுப்பொண்ணு, தலை நிறையப் பூவு. "சுட்டா சாவான், சுடலேன்னா சாக மாட்டான், இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?"ன்னேன். திரும்பித் திரும்பித் திரையைப் பாத்துக்கிட்டே வந்து வாசப்படியில தடுக்கிக்கிட்டா. ஆனா சைக்கிள் ஸ்டாண்டுல இருந்து அன்னைக்கு வெளிய வந்த முதல் சைக்கிள் எங்க சைக்கிள். மறுநாள் குழாயடியில யார்கிட்டயோ கேட்டு, சுட்டானா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டா. அப்பறம் அதுவே பழக்கமாயிருச்சு. படத்தை என்னோட பாப்பா, முடிவைக் குழாயடியில கேட்டுக்குவா. யாருக்கு என்ன நட்டம்?

உங்க மதுரையிலயே ஒரு தடவை, சித்திரைத் திருவிழாவுக்கு வந்தோம். விடிய விடிய ஆத்துக்குள்ள நின்னோம். அழகர் தல்லாகுளம் தாண்டி வந்துட்டாரு, குதிரை தெரியுது, தண்ணி பீய்ச்சுறாய்ங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஆத்துல இறங்கிருவாரு. நான் இவ கையைப் பிடிச்சேன், கிளம்பிட்டோம். அன்னைக்கு லட்சம் பேரு ஆத்துக்குள்ள நசுங்குறாய்ங்க, நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல சன்னலோரம், கால் நீட்டி. வண்டியில எங்களைத் தவிர கண்டக்டர்தான். அவரே கேட்டாரு, "ஏண்ணே, சாமி இறங்கிட்டாரா?"ன்னு. "இறங்குவாரு"ன்னேன். மங்கை சன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. காத்து வாங்குறான்னு நினைச்சேன்.

சிரிக்காதீங்க சார். உங்க வீட்டம்மாவை இப்படி சன்னலோரம் உக்கார வச்சிருக்கீங்களா நீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

சரி, மெட்ராஸ் கதைக்கு வர்றேன். போன தை மாசம், எங்க டிப்போ மெக்கானிக் மகனுக்கு அங்க கல்யாணம். சனிக்கிழமை கல்யாணம், ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஓய்வு, ராத்திரி எட்டே முக்காலுக்கு ரயிலு. நடுவுல ஒரு முழு நாள் கிடக்கு. பொண்ணு வீட்டுல ஒருத்தரு இந்த நாடகக் குழுவுல லைட் போடுறவராம். பந்தியில மங்கை பக்கத்துல உக்காந்திருந்தாரு. என்னத்தைப் பேசுனாளோ, ரெண்டு பாஸை எடுத்து நீட்டிட்டாரு. மயிலாப்பூர்ல ஒரு சபா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி.

ரூமுக்கு வந்த உடனே அந்தப் பாஸைக் கட்டில்ல வச்சுட்டு என்கிட்டச் சொன்னா: "எனக்கு மெட்ராஸ்ல வேற எதுவுமே பாக்க வேணாம். இதை மட்டும் பாக்கணும். கடைசிவரைக்கும் பாக்கணும்."

"அதுக்கென்ன, பாப்போம்"னேன். ஆனா ஒரு நாடகத்துக்காக ஒரு நாளை வீணாக்குற ஆளா நானு? கல்யாணப் பத்திரிகைக்குப் பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. உக்காந்து ட்ரிப் ஷீட் போட்டேன். பதினோரு இடம். ஒவ்வொண்ணுக்கும் வந்த நேரம், விட்ட நேரம். அந்தச் சீட்டைப் பாத்தா எந்த டிப்போ மேனேஜரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவாரு. மங்கை பாத்தா. "சாப்பாட்டுக்கு இருபத்திரெண்டு நிமிஷம் போட்டிருக்கீங்க"ன்னா. தாராளமாப் போட்டிருக்கேன்னு பாராட்டுறான்னுதான் நினைச்சேன்.

காலையில அஞ்சு அம்பதுக்கு மெரினா. சூரியன் ஆறு முப்பத்தஞ்சுக்கு வரும்னு பேப்பர்ல போட்டிருந்தான். சனம் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சூரியன் என்னமோ அவுக வீட்டுக்கு விருந்துக்கு வர்ற மாதிரி நிக்குது. ஆறு இருபத்தெட்டுக்கு வானம் மொத்தமும் செவந்துருச்சு. இதுக்கு மேல என்ன? உருண்டையா ஒண்ணு மேல வரும். வந்த உடனே இம்புட்டுக் கூட்டமும் டிபனுக்குக் கிளம்பும். "வா"ன்னேன். நாங்க மணல்ல நடந்து ரோட்டுக்கு வர்றப்ப, முதுகுக்குப் பின்னாடி "ஓ"ன்னு ஒரே சத்தம். வந்திருச்சு போல. மங்கை திரும்புனா. "முன்னாடி பாத்து நட, கால் சறுக்கும்"னேன். அக்கறையிலதான் சொன்னேன்.

டிபனு திருவல்லிக்கேணியில ஒரு மெஸ்ஸு. பொங்கல் நல்லா இருந்துச்சு, நெய் கையில ஒட்டுது. காபியை மட்டும் கடைசியிலதான் குடுப்பானாம், அப்பத்தான் நுரை நிக்குமாம். ஒரு காபிக்கு எம்புட்டு வியாக்கியானம் பாருங்க. நான் திரும்பிப் பாக்குறேன், கல்லாவுல கூட்டம் சேருது. கிளம்பிட்டோம். மங்கை மெஸ் வாசல்ல நின்னு ஒரு தடவை மூச்சை இழுத்தா. காபி வாசம் எப்படியும் இலவசம்தானே.

பத்து மணிக்கு கலங்கரை விளக்கம். லிப்டுல ஒம்பதாவது மாடிக்குக் கொண்டுபோய் விடுறாய்ங்க. கதவு திறந்துச்சு. எதுக்க மொத்தக் கடலும் கிடக்கு. நல்ல நீலம், பொய் சொல்லக் கூடாது. அப்பப் பாத்து, கீழ போறதுக்கு மூணே மூணு பேருதான் நிக்கிறாய்ங்க. அடுத்த தடவை லிப்டு வர்றப்ப முப்பது பேரு நிப்பாய்ங்க. எனக்குத் தெரியாதா? வெளிய வச்ச காலை அப்படியே உள்ள வச்சு, அதே லிப்டுல கீழ வந்துட்டோம். லிப்டு ஓட்டுற ஆளு எங்களையே பாத்தாரு. கீழ வந்து மங்கை சொன்னா, "கடல் நல்லா இருந்துச்சுங்க, லிப்டுக் கதவு அளவுக்கு." அப்பவும் நான் சுதாரிக்கலை சார். இவளுக்கு இந்த மாதிரியெல்லாம் பேச வரும்னே எனக்குத் தெரியாது.

அப்பறம் மியூசியம், பதினாலு நிமிஷம். கபாலி கோயில்ல அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தாய்ங்க. திறக்குற வரைக்கும் நின்னா அர்ச்சனைத் தட்டுக்காரக் கூட்டம் நெட்டித் தள்ளும்னு திரையையே கும்பிட்டுட்டு வந்துட்டோம். மெட்ரோ ரயிலு, ரெண்டு ஸ்டேஷன் போய் ரெண்டு ஸ்டேஷன் திரும்பி. ரங்கநாதன் தெருவுக்குப் போனோம், முக்குல நின்னு பாத்தோம், வந்துட்டோம். உள்ள போறவன் மனுசனா வெளிய வர மாட்டான். மத்தியானச் சாப்பாட்டுல பாயாசம் வர்றதுக்கு முன்னாடி இலையை மடிச்சாச்சு. மங்கை இலையை மடிக்கலை. மடிக்காம எந்திரிச்சு வந்தா. அதையும் அப்ப நான் கவனிக்கலை, இப்ப யோசிச்சுப் பாத்துச் சொல்றேன்.

இப்படியா ரெண்டு அம்பதுக்கு சபாவுக்குள்ள வந்துட்டோம். பதினோரு இடத்துல பத்து இடம் முடிஞ்சது. ஒரு நிமிஷம் பிசகலை. கால் ரெண்டும் கொப்பளம். என் காலைச் சொல்றேன், அவ காலை நான் பாக்கலை.

கதைதான் உங்களுக்கே தெரியுமே. அந்தப் பெரியவரு வீட்டைக் காலி பண்றாரு. பீரோவை நகத்துனா பின்னாடி ஒரு கவரு கிடக்கு. செத்து ஆறு வருஷமான பொண்டாட்டி எழுதுனது. மேல "உங்களுக்கு"ன்னு மட்டும் எழுதியிருக்கு. ஒட்டியிருக்கு. மனுசன் பிரிக்க மாட்டேங்கிறாரு. மகன் பிரிங்கப்பாங்கிறான், மருமக நச்சரிக்கிறா, எதுத்த வீட்டுக்காரன் சீட்டுப் பணம்பத்தி இருக்குமோங்கிறான். இதோ இப்ப, இடைவேளைக்கு முன்னாடி, கவரைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டு அது மேலயே உக்காந்துக்கிட்டாரு. சபை சிரிச்சுச்சு. அன்னைக்கு மங்கை சிரிக்கலை.

இனிமே வரப்போறதையும் சொல்லிர்றேன். தப்பா நினைக்காதீங்க. இன்னும் முக்கால் மணி நேரம் அவரு ஓடுவாரு, ஒளிவாரு, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவாரு. கடைசியில வீடு காலியாயிரும். லாரி போயிரும். வெறும் ரூமுக்குள்ள ஒரு முக்காலி. அதுல உக்காந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, கவரைக் கிழிப்பாரு.

அப்ப மணி அஞ்சு அஞ்சு. நான் எந்திரிச்சேன்.

ஏன்னா கேக்குறீங்க? வண்டிக்கு. எட்டே முக்கால் வண்டிக்குத்தான். மயிலாப்பூர்ல இருந்து எழும்பூர் அரை மணி நேரம்தான், எனக்கும் தெரியும். ஆனா அறுநூறு பேரு ஒரே வாசல்ல வந்தா என்ன ஆகும்னு நீங்க யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன். "மங்கை, எந்திரி, கூட்டம் வர்றதுக்குள்ள"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன். நான் திரும்பிப் பாக்குறது இல்ல சார். முப்பத்திரெண்டு வருஷமா அவ எனக்குப் பின்னாடி ஆறடியில வருவா. அதையெல்லாம் யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்களா? சட்டைப் பையில பேனா இருக்கான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவையா தொட்டுப் பாக்குறோம்?

ரோட்டுல நடந்தேன். பேசிக்கிட்டே நடந்தேன். "அந்தா குழி, பாத்து வா"ன்னேன். "இந்த ஊர்ல ஆட்டோக்காரன் கேக்குறதுக்கு நாம ஒரு ஆட்டோவே வாங்கிறலாம்"னேன். "நாடகம் பரவால்ல, அந்தப் பெருசுதான் ரெண்டு மணி நேரமா உயிரை வாங்கிருச்சு. ஒரு கவரைப் பிரிக்க இம்புட்டு நேரமா? நானா இருந்தா பீரோவுக்குப் பின்னாடியே பிரிச்சிருப்பேன்"னேன். அவ பதில் சொல்லலை. என்னைக்குச் சொல்லியிருக்கா? பஸ் ஸ்டாப்பு வந்துச்சு. வண்டியும் வந்துச்சு, சன்னலோரம் காலி. "ஏறு, ஏறு, அந்த ரெண்டாவது சீட்டுல உக்காரு"ன்னு கையைக் காட்டுறேன், பூ விக்கிற அம்மா ஒண்ணு என்னையே பாக்குது. "இன்னா சார், ரொம்ப நேரமா தனியா பேசினு வர்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னுச்சு.

திரும்புனேன். யாருமே இல்ல.

அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, முன்னப் பின்னத் தெரியாத ஆளு நீங்க. பேனா தொலைஞ்ச மாதிரி பையைத் தடவுனேன் சார். அவ செல்போனு என் பையில. தொலைச்சிருவான்னு நான்தான் வாங்கி வச்சிருந்தேன். ரயில் டிக்கெட்டு என்கிட்ட. ரூம் சாவி என்கிட்ட. அவகிட்ட ஒரு கைக்குட்டைதான் இருக்கும். இந்த ஊர்ல அவளுக்கு யாரைத் தெரியும்? வழி கேக்கத் தெரியுமா? ஓடுனேன். அறுபத்திரெண்டு வயசுல கொப்பளக் காலோட ஓடுனேன்.

சபா தெருவுக்குள்ள நுழையுறேன், நாடகம் விட்டுருச்சு. அறுநூறு பேரும் எதுக்க வர்றாய்ங்க. வாழ்நாள் பூரா எந்தக் கூட்டத்துக்குத் தப்பிச்சு ஓடுனேனோ அது மொத்தமா சேந்து அன்னைக்கு வந்துச்சு. முழங்கையால இடிக்கிறாய்ங்க, செருப்பை மிதிக்கிறாய்ங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்குறேன். ஒரு விசயம் சொல்லவா? எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருந்துச்சு. அழுதுட்டுச் சிரிச்ச மூஞ்சி. ஒருத்தரு தன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரு. எழுபது வயசு இருக்கும், பட்டப்பகல்ல, நடுரோட்டுல. வெக்கம் கெட்ட ஊரு.

உள்ள போனா ஹால் காலி. ஒரு ஆளு கூட்டிக்கிட்டு இருக்காரு. மங்கை அதே சீட்டுல உக்காந்திருக்கா. கண்ணு செவந்திருக்கு. என் சீட்டுல அவ கைப்பையை வச்சிருக்கா. எதுக்குன்னு கேட்டேன். "நடுவுல ஒருத்தர் உக்கார வந்தாரு. ஆளு இருக்கு, வந்துருவாருன்னு சொல்லி வச்சிருந்தேன்"ங்கிறா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எந்திரின்னு சொன்னேன்ல? காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"விழுந்துச்சுன்னா?"

"விழுந்துச்சுங்க. நான் வரலை, நீங்களும் இருங்கன்னு சொன்னேன். உங்க காதுலதான் விழலை."

கூட்டுறவரு வேற துடைப்பத்தை நிறுத்திட்டு எங்க ரெண்டு பேரையும் நாடகம் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

ரூமைக் காலி பண்ணிட்டு ஆறேகாலுக்கு எழும்பூர் வந்துட்டோம். ரெண்டரை மணி நேரம் பெஞ்சுல. அப்பத்தான் எனக்கு மெதுவா அரிக்க ஆரம்பிச்சுச்சு. "ஏன் மங்கை, அந்த லெட்டர்ல என்னதான் எழுதியிருந்துச்சு?"ன்னேன். சும்மா, பேச்சுக்கு. "நீங்க இருந்து கேட்டிருக்கணும்"னா. "சரி, இருக்கலை, இப்பச் சொல்லு." "பொண்டாட்டி புருஷனுக்கு எழுதுனதுங்க. அதை அடுத்தவ எடுத்துச் சொல்லக் கூடாது." "அந்தப் பெருசு அழுதாரா சிரிச்சாரா, அதையாவது சொல்லு." தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அது என்னமோ வெளியாளு எழுதுன மாதிரி இல்லங்க. நம்ம வீட்டுல உக்காந்து எழுதுன மாதிரி இருந்துச்சு." அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் முறுக்கு வாங்கித் தின்னா. முழுப் பாக்கெட்டையும் தின்னு முடிச்சா, எனக்கு ஒண்ணுகூட நீட்டலை.

அன்னைக்கு ஆரம்பிச்சது சார். மூணு மாசமாச்சு. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. நேரத்துக்குச் சோறு வருது, சட்டை தேய்ச்சு வருது. ஆனா என்னோட வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா. "நீங்க போய்ட்டு வாங்க"ங்கிறா. பக்கத்து வீட்டுல ரிடையர்டு டீச்சர் ஒருத்தி இருக்கா, செண்பகவல்லின்னு. அவளோட சினிமாவுக்குப் போறா. படம் விட்டு, கூட்டம் எல்லாம் போன பிறகு, ரெண்டும் கடலை கொறிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு வருதுங்க. போன முகூர்த்தத்துல பாளையம்பட்டியில ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையைக் கார்ல ஏத்தி அனுப்புற வரைக்கும் இருந்திருக்கா. நான் முதல் பந்தியில சாப்பிட்டுட்டு பஸ் ஸ்டாப்புல நின்னேன். வண்டி வந்துச்சு, சன்னலோரமும் இருந்துச்சு. பக்கத்துச் சீட்டுல என் துண்டைப் போட்டு வச்சேன். திருச்சுழி ரோட்டுல ஒருத்தன் அதை எடுத்து என் மடியில வச்சுட்டு உக்காந்துக்கிட்டான்.

நான் யோசிக்காம இல்ல. என்ன எழுதியிருப்பா அந்த அம்மா? மன்னிச்சுக்கங்கன்னு எழுதியிருப்பாளா? இல்ல, உங்களை மன்னிக்க மாட்டேன்னா? நம்ம வீட்டுல உக்காந்து எழுதுன மாதிரின்னா என்ன சார் அர்த்தம்? நான் என்ன குடிச்சேனா, அடிச்சேனா, வேற வீடு வச்சிருந்தேனா? நேரத்துக்குக் கிளம்புனேன். அது ஒரு குத்தமா? இதை எல்லாம் அவகிட்டயே கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலையேங்க"ங்கிறா. அதுதானே பிரச்சினை, ஒண்ணும் சொல்லலையே.

போன வாரம் பேப்பர்ல வந்துச்சு, இந்த நாடகம் மதுரைக்கு வருதுன்னு. ரெண்டு டிக்கெட்டோட போய் நின்னேன். "நான்தான் பாத்துட்டேனே. நீங்க போங்க"ன்னுட்டா. அப்பறம் அடுப்பை அணைச்சுட்டு வந்து, எதுக்க உக்காந்து, நிதானமாச் சொன்னா. டீச்சரு காசிக்குப் போறாளாம், பன்னெண்டு நாள் டூரு. இவளும் பேரு குடுத்துட்டாளாம். இன்னும் ஒரு இடம் இருக்காம், நாளைக்குக் காலைக்குள்ள பேரு சொல்லணுமாம். "உங்க பேரைக் குடுக்கவா வேணாமான்னு எனக்கே தெரியலைங்க. நீங்க போய் அந்த லெட்டரைக் கேட்டுட்டு வாங்க. அதுல கடைசி வரி என்னன்னு வந்து என்கிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா குடுக்குறேன். இல்லேன்னா நானும் டீச்சரும் போறோம், நீங்க வீட்டைப் பாத்துக்கங்க." மிரட்டலை சார். மிரட்டியிருந்தா நான் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். கடையில என்ன காய் வாங்கணும்னு சொல்ற மாதிரி சொன்னா.

அதனால, இப்ப உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. நீங்க உள்ளூரு. நடந்தே வீட்டுக்குப் போயிருவீங்க. கடைசிவரைக்கும் இருந்து பாக்குற ஆளு மாதிரிதான் தெரியுறீங்க. எனக்கு ஆறு அம்பது வண்டியைப் பிடிக்கணும். நாடகம் விடுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புனாத்தான் தோது. என் நம்பர் தர்றேன். அவரு லெட்டரைப் படிச்சு முடிச்ச உடனே, அந்தக் கடைசி வரியை மட்டும் எனக்குப் போன்ல சொல்லிருங்க. ஒரு வரிதான். பஸ்ஸுல போய்க்கிட்டே மனப்பாடம் பண்ணிருவேன். அவளுக்கு எப்படித் தெரியும்? எழுதிக்கங்க, தொண்ணூத்தி நாலு...

என்ன?

நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்களா? எங்க, திருச்சியிலயா? முழுசாவா?

அட. அப்ப உங்களுக்கு அந்தக் கடைசி வரி...

இருங்க. இருங்க சார். சொல்லாதீங்க. வாயைத் திறக்காதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்.

இல்ல, நான்தான் கேட்டேன். நான்தான் கேட்டேன், ஒத்துக்குறேன். ஆனா நீங்க இம்புட்டுப் பக்கத்துல வச்சிருப்பீங்கன்னு நான் நினைக்கலை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்.

பயமா இருக்கு சார். கூட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த அம்மா எழுதி வச்சுட்டுச் செத்துப்போச்சு, அவரு ஆறு வருஷம் கழிச்சுப் படிச்சாலும் அதுக்கு மேல ஒண்ணும் ஆகப் போறதில்ல. என் வீட்டுல உள்ளவ உசுரோட இருக்கா. இப்ப இந்நேரம் வீட்டுல உக்காந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா. அவ என்கிட்டச் சொல்ல நினைச்சது எதுவோ அது அந்தக் கவருக்குள்ள இருக்கு. அதைக் கேட்டுட்டு நான் வீட்டுக்குப் போய் அவ மூஞ்சியைப் பாக்கணும். முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவ, வாங்க போகலாம்னு முதல்ல எந்திரிச்சது இல்ல சார். ஒரு தடவைகூட. அதை நான் இன்னைக்குத்தான், இப்ப உங்ககிட்டப் பேசுறப்பத்தான் நினைச்சுப் பாக்குறேன்.

மணி அடிச்சுட்டான். காபி குடிச்சவங்க எல்லாம் வர்றாங்க.

சார், வேற ஒரு உதவி. நீங்க எந்திரிச்சு இந்த ஓரச் சீட்டுக்கு வந்துருங்க. நான் உள்ள உங்க இடத்துல உக்காந்துக்கிறேன். காலை நல்லா நீட்டி வச்சுக்கங்க. அந்தப் பெரியவரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்ச உடனே என் உடம்பு தன்னால எந்திரிக்கும், நான் சொன்னாக் கேக்காது. வழி விடுங்க, வண்டிக்கு நேரமாச்சும்பேன். கெஞ்சுவேன். கோவத்துல ஏதாவது திட்டக்கூடத் திட்டுவேன், மனசுல வச்சுக்காதீங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைங்க.

அருப்புக்கோட்டைக்கு கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி இருக்கு சார். விட்டுறாதீங்க.